கோப்பைக்கு ஒரு நீதி, குப்பிக்கு ஒரு நீதி!

ஊர் ஒன்று, கிழமை ஒன்று, இரவு நேரமும் ஒன்று. ஊர் சிங்கப்பூர், கிழமை ஞாயிறு. அங்கே போய் வந்த திருப்பூர்க்காரர் இருவர் அந்த ஊரின் ஞாயிற்றுக்கிழமை இரவைப் பற்றித் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். முதலாமவர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். பனியன் மாதிரிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு முதலாளியோடு வெளிநாடு போய் வருகிற படித்த தம்பி. இரண்டாமவர் பவர் டேபிள் டைலர். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்தவர், லட்சக்கணக்கில் கடன்பட்டு, ஏஜண்டுக்குப் பணம் கட்டி, சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போனார். கம்பி கட்டினார், கான்கிரீட் கொட்டினார், கடனை அடைத்தார், திரும்பி வந்தார். இன்றைக்கு மறுபடியும் அதே ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இருவர் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தோழர்களே!

முதல் கதை. கடலோரத்தில் வானத்தை முட்டும் ஹோட்டல். உச்சி மாடியில் சாப்பாட்டு மண்டபம். துணி வாங்கும் வெள்ளைக்காரக் கம்பெனியின் ஆட்கள் மூன்று பேர். நம் ஊர் முதலாளி. அவர் பின்னால் நம் தம்பி. சாப்பாட்டுப் பட்டியலைவிட ஒயின் பட்டியல் தடிமனாக இருந்ததாம். கையில் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு ஓர் ஆள் வந்தார், புட்டியைக் காட்டினார், மூடியைத் திறந்தார், ஒரு சொட்டு ஊற்றிவிட்டு எட்டி நின்றார். நம் முதலாளி கோப்பையைச் சுழற்றினார், மூக்கில் வைத்தார், தலையை ஆட்டினார். "அவருக்கு ஒன்றும் தெரியாதுங்க, முந்தின தடவை வெள்ளைக்காரர் செய்ததைப் பார்த்துச் செய்தார்" என்றார் தம்பி, சிரித்துக்கொண்டே. ஒரு கோப்பையின் விலை 20 வெள்ளிக்கு மேல். வெள்ளி என்றால் அந்த நாட்டு டாலர். அங்குள்ள தமிழர் அப்படித்தான் சொல்லுவார்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கும். ஒன்று 10 சதவிகிதம் சேவைக் கட்டணம், மற்றது 2024 முதல் 9 சதவிகிதமாக உள்ள பொருள் சேவை வரி. சேவைக் கட்டணம் என்று பெயர். ஆனால் சேவை செய்தவன் கையில் அது சேரவேண்டும் என்று அங்கே சட்டக் கட்டாயம் இல்லை. மணி பதினொன்று தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருங்கள் என்று யாரும் சொல்லவுமில்லை. ஆர்டர் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்ததாம், பீசுக்கு இத்தனை சென்ட் குறைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்ட பிறகு. அந்தச் சென்ட் யார் கூலியிலிருந்து கழியும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இரண்டாவது கதை. வாரம் ஆறு நாள் வேலை. சாப்பாடு காண்டிராக்ட்காரன் சமைத்துப் பொட்டலமாக அனுப்புவது. விடிவதற்கு முன்னே வந்துவிடும் மதியச் சோறு. பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் குழம்பு ஊசிப்போய் வாடை அடிக்கும். ஞாயிறு ஒரு நாள் தான் மனிதன். அன்றைக்கு எல்லாரும் பஸ் ஏறித் தேக்காவுக்கு வருவார்கள். நம்மவர் கடைகள் நிறைந்த சிராங்கூன் சாலைப் பகுதிக்கு அங்குள்ள தமிழர் வைத்த பெயர் தேக்கா. ஊருக்குப் பணம் அனுப்புவது, முடி வெட்டுவது, பக்கத்து ஊர்க்காரனைத் தேடிப் பிடிப்பது, வாழை இலையில் சுடச்சுடச் சோறு தின்பது, எல்லாம் அந்த ஒரு நாளில். பொழுது சாய்ந்தால் நாலு பேர் சேர்ந்து ஆளுக்கொரு பீர் டின் வாங்கிக்கொண்டு புல்தரையில் உட்காருவார்கள்.

"கடைக்குள்ள உட்காந்தா வெல தாங்காதுங்கண்ணா. ரூமுக்குக் கொண்டுபோனா அங்க பன்னெண்டு பேரு. அதனால புல்லுல உட்காந்தோம். போலீசு வந்து, கீழ ஊத்துன்னு நின்னான். ஊத்திட்டு எந்திரிச்சு வந்துட்டோம்" என்றார் டைலர்.

அவருடைய நாள் அடிப்படைக் கூலி 18 வெள்ளி. மாடியில் ஒரு கோப்பை 20 வெள்ளிக்கு மேல். கணக்கு அவ்வளவுதான்.

டின்னைக் கீழே ஊற்றச் சொல்ல அந்தப் போலீஸ்காரருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? அந்தக் கதை 2013 டிசம்பர் 8-ஆம் தேதி தொடங்குகிறது. அன்றும் ஞாயிறு. ரேஸ்கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் கூடுமிடத்தில், தொழிலாளரை விடுதிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பஸ் ஒன்றின் அடியில் சிக்கி ஒரு தமிழ்த் தொழிலாளி மாண்டார். கட்டட வேலைக்குப் போன 33 வயது மனிதர். கூட்டம் கொதித்தது. 300 பேருக்கு மேல் கலவரத்தில் இறங்கினார்கள். ஆம்புலன்சும் போலீஸ் வண்டிகளும் நொறுங்கின, எரிந்தன. சிங்கப்பூர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டிராத கலவரம். 25 பேர் மீது வழக்கு. 50-க்கும் மேற்பட்டோரை நாடு கடத்தினார்கள். விசாரணைக் குழு 2014 ஜூனில் அறிக்கை கொடுத்தது. விபத்துத்தான் பொறி, மது அதை ஊதிவிட்டது, கூலியிலும் குடியிருப்பிலும் இருந்த குறைகள் காரணமல்ல என்பது அதன் முடிவு. 2015 ஏப்ரல் முதல் தேதி மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொது இடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 வரை நாடு முழுதும் குடிக்கக்கூடாது. தேக்கா பகுதியிலும் கேலாங் பகுதியிலுமோ சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது.

கவனியுங்கள்! தொழிலாளிக்கு வாரத்தில் வாய்த்தது ஒரு நாள். அந்த நாள் முழுவதற்கும் தடை. அவன் கூடுகிற வட்டாரத்துக்கே தனித் தடை. ஆனால் லைசென்ஸ் பெற்ற கட்டடத்துக்குள் உட்கார்ந்தால் அந்த லைசென்ஸ் அனுமதிக்கும் நேரம் வரைக்கும் குடிக்கலாம். சட்டத்தில் பணக்காரன், ஏழை என்ற சொல்லே கிடையாது. "பொது இடம்" என்றும் "உரிமம் பெற்ற இடம்" என்றும்தான் இருக்கிறது. உரிமம் பெற்ற இடத்தில் உட்கார ஒரு நாள் கூலி வேண்டும் என்பது மட்டும் சட்டத்தில் எழுதாமல் விட்ட விதி.

வரியில் மட்டும் அந்த நாட்டார் பெரிய மனிதரை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒயினில் உள்ள ஒவ்வொரு லிட்டர் ஆல்கஹாலுக்கும் 88 வெள்ளி தீர்வை. பீருக்கு 60 வெள்ளி. 13 சதவிகிதச் சரக்குள்ள முக்கால் லிட்டர் ஒயின் புட்டிக்கு 8 வெள்ளி 58 காசு வருகிறது. ஆனால் அதைக் கொடுப்பது முதலாளியின் பையா? கம்பெனிக் கணக்கில் வியாபாரச் செலவு என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. டைலர் தன் டின்னுக்குக் கொடுத்த தீர்வையை எந்தக் கணக்கில் எழுதுவார்?

வண்டிகளைக் கொளுத்தியதை நான் நியாயப்படுத்த வரவில்லை. அது தொழிலாளர் போராட்டமல்ல. கோரிக்கையும் இல்லை, தலைமையும் இல்லை. தேக்காவில் குடியிருக்கும் சாதாரண மக்கள், மாடிப்படியில் படுத்துக் கிடப்பவர்களைக் கண்டு முகம் சுளித்ததும் பொய்யல்ல. அவர்களும் பெண்டு பிள்ளைகளோடு வாழ்கிறவர்கள்தாம். நான் கேட்பது வேறு. அத்தனை ஆயிரம் பேர் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள் என்று தெரிந்தும், அவர்கள் கூலிக்குத் தக்க ஒரு கூரை, ஒரு மேசை, ஒரு விளக்கு போடவேண்டும் என்ற எண்ணத்துக்கு முன்னால், தடை விதிக்கவேண்டும் என்ற எண்ணம் ஏன் முந்திக்கொண்டு வருகிறது?

அந்தத் திசையில் தமிழ்த் தொழிலாளியின் குடி ஆள்வோருக்குக் கவலையானது புதிய செய்தி. பழைய செய்தி வேறு மாதிரி. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்தில் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள்! பால் மரம் வெட்டிவிட்டு வந்தவனுக்குப் பள்ளிக்கூடம் தூரம், ஆஸ்பத்திரி தூரம், கள்ளுக்கடை பக்கம். கூலி கொடுத்த நிர்வாகத்தின் எல்லைக்குள்ளேயே கூலி கரைந்தது. சர்க்காருக்கு ஆயத்தீர்வை சேர்ந்தது. அப்போது "தமிழன் குடிக்கிறானே" என்று யாரும் கண்ணீர் விடவில்லை.

கண் விழித்தவர்கள் அந்தத் தோட்டத் தொழிலாளர்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள்: சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து, பிள்ளைகளுக்குக் கல்வி கொடு, வெள்ளைக்காரத் துரைக்கு எதிரே சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம், சங்கம் வைக்க உரிமை கொடு. இவற்றுக்கு நடுவில் ஒன்று: கள்ளுக்கடையை மூடு! பதில் என்ன வந்தது? பட்டாளம் வந்தது. தொழிலாளர் உயிர்கள் பலியாயின. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். போர் முடிந்து 1946-47-இல் கெடா மாநிலத்தில், ஹார்வர்ட் தோட்டத்தின் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பி, கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. அதற்கும் போலீஸ்தான் பதில்.

குடிக்காதே என்று எஜமான் கட்டளையிடுவது ஒன்று. குடிக்கமாட்டோம், கடையை எடு என்று கூலிக்காரன் கட்டளையிடுவது மற்றொன்று. முதலாவது அவனைச் சிறுபிள்ளையாக்குகிறது. இரண்டாவதில் அவன் துரைக்கு எதிரே சைக்கிளில் போகிற மனிதன். 1921-இல் பெரியார் தம் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும், நமக்கு அருகிலேயே ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குப் போனதும் நாடறிந்த கதை. சொந்த மரத்தை வெட்டியவருக்குச் சொல்ல உரிமை உண்டு. ஆயத்தீர்வையில் கஜானா நிரப்புகிறவருக்கு?

இனி நம் ஊருக்கு வருவோம்.

ஊரில் சாராயக் கடையை "ஒயின்ஸ்" என்று சொல்லுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. என்ன வேடிக்கை! அங்கே நிற்கிற நூறு பேரில் ஒயின் கேட்கிறவன் ஒருவன் இருப்பானா? பிராந்தியும் ரம்மும் பீரும்தான் ஓடுகின்றன. 1983-இல் உருவான டாஸ்மாக் நிறுவனம் மொத்த வியாபாரத்தை நடத்தியது. 2003-இல் சில்லறை வியாபாரத்தையும் சர்க்காரே எடுத்துக்கொண்டது. 2023-24-ஆம் ஆண்டில் இந்த வகையில் கஜானாவுக்குச் சேர்ந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தத் துறைக்குப் பெயர் என்ன தெரியுமா? மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை! விலக்குவதும் அவர்களே, விற்பதும் அவர்களே.

கடையை ஒட்டி ஒரு "பார்" இருக்கும். அதற்கு டெண்டர் விடுகிறார்கள். எதற்கு டெண்டர்? தின்பண்டம் விற்பதற்கும் காலி பாட்டில் சேகரிப்பதற்கும்! ஏலம் எடுத்தவன் போட்ட பணத்தை எடுக்கவேண்டும். ஆகவே தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளரும்கூடத் தங்க விலை. தகரக் கூரை, ஈரத் தரை, மூத்திர வாடை. பாட்டிலுக்கு அச்சடித்த விலைக்கு மேல் பத்து ரூபாய் வாங்குகிறார்கள் என்ற புலம்பல் சட்டசபை வரைக்கும் போய் வந்தாயிற்று. கடை மணி பகல் 12 முதல் இரவு 10 வரை. நட்சத்திர ஹோட்டல் பாருக்கோ அதற்குப் பிறகும் விளக்கு எரியும். 2023 ஏப்ரலில் மாநாட்டு மண்டபங்களிலும் விளையாட்டு மைதானங்களிலும் தனி அனுமதியோடு மது பரிமாறலாம் என்று விதி திருத்தினார்கள். கல்யாண மண்டபத்தையும் சேர்த்திருந்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் அதை மட்டும் எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் கண்ட அதே தராசு! ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. அங்கே தட்டைத் துடைத்தாவது வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தகரக் கூரைக்குள் நம் தோழன் எப்படி வந்து சேருகிறான்? அவனைப் பின்தொடர்ந்து பாருங்கள். காலை எட்டரைக்கு மிஷினில் உட்காருகிறான். சீசன் நெருக்கம் என்றால் ஒன்றரை ஷிப்ட். பன்னிரண்டு மணி நேரம். பஞ்சுத் தூசியும் ஊசிச் சத்தமும். நடுவே பேக்கரி டீ, ஒரு பன், ஒரு முட்டை பப்ஸ், நின்றபடியே. இரவு எட்டரைக்கு வெளியே வருகிறான். சனிக்கிழமை, கையில் வாரக் கூலி. அறையில் ஆறு பேர், சமைக்கத் தெம்பில்லை. மெஸ்ஸில் சோறு தீர்ந்திருக்கும். பரோட்டாக் கடையில் இடம் பிடிக்கவேண்டும். தின்று முடிக்கும் முன்னே பின்னால் ஒருவன் எழுந்திரு என்று நிற்பான். ஊருக்குள்ளே அவன் உட்கார்ந்து, இன்னொரு மனிதனின் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடிய இடம் எது? பூங்காவைப் பூட்டியாயிற்று. சினிமாவுக்குக் காசு போதாது. யாரும் எழுந்திரு என்று சொல்லாத ஒரே இடம் பார்! அவன் பிராந்தியைத் தேடிப் போகிறான் என்கிறீர்கள். பாதி நாள் அவன் ஒரு நாற்காலியைத் தேடிப் போகிறான் என்கிறேன் நான்.

நாற்காலி தேடிப் போனவன் முழுக் கூலியையும் விட்டுவிட்டு வருவதை நானும் பார்த்திருக்கிறேன். ஞாயிறு காலையில் சங்க ஆபீஸ் படியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தங்கைகளிடம் "பொருளாதார அமைப்பு" பேச எனக்கு நா எழுந்ததில்லை.

இந்த மாவட்டத்தின் பெண்கள் பேசாமல் இருந்தவர்கள் அல்லர். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் சாலையோரத்தை விட்டு எழுந்தன. எழுந்தவை எங்கே போயின? குடியிருப்புகளுக்குள்ளே நுழையப் பார்த்தன! அப்படி ஒரு கடை வரக்கூடாது என்று 2017 ஏப்ரல் 11-ஆம் தேதி சாமளாபுரத்தில் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். தடியடி நடந்தது. போலீஸ் உயரதிகாரி ஒருவர், நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார். நாடே அந்தக் காட்சியைப் பார்த்தது. கிள்ளானில் கள்ளுக்கடையை மூடச் சொன்ன கூலிக்குத் துப்பாக்கி. சாமளாபுரத்தில் கடை வேண்டாமென்ற பெண்ணுக்கு அறை. இடையில் 76 ஆண்டும் ஒரு சுதந்திரமும். 2020-இல் ஊரடங்கு நேரத்தில், வேலையிழந்த வெளிமாநிலத் தொழிலாளர் சோற்றுக்கும் ரயிலுக்கும் தவித்துக்கொண்டிருந்த மே மாதம் 7-ஆம் தேதி, தமிழ்நாட்டில் எது திறந்தது என்பதும் நினைவிருக்கும். மதுக்கடை!

இந்த இடத்தில் முதலாளிமார் ஒரு வாதத்தோடு வருவார்கள். கூலி உயர்வுப் பேச்சு வருகிற ஒவ்வொரு முறையும் அது வரும். "கூட்டிக் கொடுத்து என்ன பயன்? குடித்துத்தானே தீர்ப்பான்!" 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் இந்த ஊரின் மிஷின்களை நிறுத்தியவர்கள் யார்? குடித்துக் கிடந்தவர்களா? ஒரு நாள் அல்ல, ஒரு மாதம் அல்ல, நான்கு மாதத்துக்கு மேல் பட்டினியைத் தாங்கிய கூட்டம் அது. அப்படியே ஒருவன் குடிக்கிறான் என்று வையுங்கள். உச்சி மாடியில் ஒயின் குடித்த முதலாளியைப் பார்த்து, துணி வாங்கும் வெள்ளைக்காரன், "உனக்கு விலை கூட்டிக் கொடுத்தால் குடித்துவிடுவாய்" என்றா சொன்னான்? விலையைக் குறைத்தான், அது வேறு, காரணம் அதுவல்ல. குடிக்கிற முதலாளியின் லாபம் லாபம்தான். குடிக்கிற தொழிலாளியின் கூலி மட்டும் எப்படித் தர்மமாகிவிடும்?

வெளியே போய் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைச் சில தோழர்கள் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். ஆடம்பரமல்ல, அதற்காக இந்த நாட்டில் போராட்டமே நடந்திருக்கிறது. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்றிருந்தது 1941-இல்தான் ஒழிந்தது. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் "பிராமணாள்" என்ற ஹோட்டல் பலகையை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார். தொண்டர்கள் நாள்தோறும் சிறைக்குப் போனார்கள். நம் கொங்கு நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை வயதான தோழர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். தலித் தோழனுக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டு அவனே கழுவிக் கவிழ்க்கவேண்டும். இன்று திருப்பூர்ப் பேக்கரியில் அவினாசிக்காரன் குடித்த கண்ணாடி டம்ளரில் அடுத்த நிமிடம் ஒடிசாக்காரன் குடிக்கிறான். யார் என்ன சாதி என்று கேட்கக் கல்லாவில் இருப்பவருக்கு நேரமில்லை. இது சின்னச் சாதனையா? அந்தப் பேக்கரிக்கு நான் தனியாக ஒரு தலையங்கமே எழுதுவேன். ஆனால் அங்கேயும் நிற்கத்தான் வேண்டும். பெண் தோழியர் பலர் டீயை வாங்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்து குடிப்பதையும் காண்கிறோம். பனியன் கம்பெனிகளில் இத்தனை பெண்கள் உழைக்கிறார்களே, வேலை விட்டு இவர்கள் உட்கார்ந்து சாப்பிட இந்த ஊரில் இடம் எங்கே?

வழி இல்லாமலில்லை. மறுபடி அதே சிங்கப்பூரைத்தான் காட்டப்போகிறேன். தெருவோரத்தில் தள்ளுவண்டியில் விற்றவர்களை 1970-களிலும் 80-களிலும் அந்த அரசு கூரைக்குக் கீழே கொண்டுவந்தது. குழாய்த் தண்ணீர், சாக்கடை, மேசை, மின்விளக்கு எல்லாம் அரசு போட்டது. சமையல் அவர்கள் பாடு. உணவங்காடி நிலையம் என்று தமிழில் பெயர். நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. தேக்காவிலும் ஒன்று உண்டு. சீனன், மலாய்க்காரன், தமிழன் ஒரே மேசையில் உட்காருகிறான். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டுச் செல்வம் என்று பட்டியலில் சேர்த்தது. அது பாட்டாளி அரசல்ல என்பதை எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டாம். மலிவான சோறு கிடைத்தால் கூலியைக் குறைவாக வைக்கலாம் என்ற கணக்கு எந்த ஆள்வோருக்கும் தெரியும். 2013-இல் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்று இங்கே அம்மா உணவகம் வந்தபோது நம் தோழர்களில் சிலர் இதே சந்தேகத்தைக் கிளப்பினார்கள். சந்தேகம் சரி, ஆனால் வரிசையில் நின்று சாப்பிட்டவன் நம் ஆள்தானே! சோற்றையும் வாங்கு, கூலியையும் கேள்.

நம் இயக்கத்திலேயே உதாரணம் கிடக்கிறது. 1950-களில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை இழுத்து மூடி ஊழியரை வீட்டுக்கு அனுப்பியது. ஏ. கே. கோபாலன் அந்த ஊழியரைத் திரட்டிக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்க முன்நின்றார். 1957-இல் பெங்களூரில் தொடங்கி, 1958-இல் திருச்சூருக்கு வந்தது. பரிமாறுகிறவரே முதலாளி! இன்றும் கேரளத்தில் இந்தியன் காபி ஹவுஸில் லாரி டிரைவரும் வக்கீலும் அடுத்தடுத்த மேசையில் உட்காருகிறார்கள். இரண்டு மணி நேரம் ஒரு காபியோடு உட்கார்ந்தாலும் எழுந்திரு என்பார் இல்லை. அங்கே பேசித் தீர்த்த அரசியலுக்கு அளவில்லை.

250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவகம் வைக்கவேண்டும் என்று ராஜ்ய சர்க்கார் விதி போடுவதற்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இடம் கொடுத்தது. இங்கே என்ன நடந்தது? கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், செக்கிங் ஓரிடம், ஜாப் ஒர்க் என்று பத்து ஷெட்டாகப் பிரிந்து கிடக்கிறது தொழில். தனித்தனி ஷெட்டுக்கு உணவகம் வராது. ஆகவே வட்டாரத்துக்கு ஒன்றாக மாநகராட்சி கட்டவேண்டும். அனுப்பர்பாளையத்துக்கு ஒன்று, காங்கேயம் ரோட்டுக்கு ஒன்று, பழைய பஸ் நிலையத்தருகே ஒன்று. ஒன்றரை ஷிப்ட் விட்டு வருகிறவனுக்குச் சோறு இருக்கும்படி இரவு 11 மணி வரை விளக்கு எரியவேண்டும். பெண்கள் கூட்டுறவுக்கு அடுப்பை ஒப்படைக்கலாம். பெஞ்சு மட்டும் அகலமாகப் போடவேண்டும், குடும்பத்தோடு வந்து உட்காரும்படி. 45,000 கோடியில் திருப்பூர்த் தொழிலாளி ஊற்றிய பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால், அந்த ஊருக்கு இதைக் கேட்பது பிச்சையாகாது. மேலும், எந்தத் தெருப் பெண்கள் கடை வேண்டாம் என்கிறார்களோ அந்தத் தெருவில் கடை வரக்கூடாது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்களே, எவற்றை மூடுவது என்று அந்தத் தெருப் பெண்களைக் கேட்டா முடிவு செய்தார்கள்?

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. கூட்டத்தில் மதுக்கடையைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, மேடை பிரிக்கும் முன்னே பின்பக்கமாக நழுவுகிற தோழர் யார் யாரென்று கிளைச் செயலாளர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தேர்தல் வேலைக்கு வந்த இளைஞனுக்குப் பிரியாணிப் பொட்டலத்தோடு குவார்ட்டரும் கொடுக்கும் பழக்கம் மற்றக் கட்சிகளுக்கு மட்டும் சொந்தம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? குடிக்கிற தோழனைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. அவனையும் கூட்டிக்கொண்டுதான் மாநகராட்சிக்குப் போகவேண்டும். ஏனென்றால் அந்த நாற்காலி அவனுக்குத்தான் முதலில் தேவை.

உணவகக் கோரிக்கை மனுவில் கையெழுத்து வாங்கும் வேலை பேக்கரி வாசல்களில் தொடங்கியிருக்கிறது. சிங்கப்பூர் போய்வந்த டைலர் தோழர்தான் முதல் கையெழுத்து. மெர்ச்சண்டைசர் தம்பி, "கம்பெனியில் தெரிந்தால் சிக்கல்" என்றார். பிறகு மனைவியை அனுப்பிக் கையெழுத்திட வைத்தார். இப்போதுள்ள கஷ்டம் ஒன்றே. துண்டறிக்கை தமிழில் தயாராகிவிட்டது. இந்தியில் மொழிபெயர்க்கவும் ஆள் கிடைத்துவிட்டார். ஒடியாவில் எழுதத் தெரிந்த தோழர் யாரேனும் இருந்தால், சனிக்கிழமை கூலி வாங்கியதும் நேரே சங்க ஆபீசுக்கு வரவும். டீ உண்டு, உட்கார பெஞ்சும் உண்டு.